காவலறையில் கிடைத்த நைனா

ஈரச் சுண்ணாம்பும் காவியும் கலந்த வாடை மூக்கில் பட்டால் போதும், வடக்கே நாங்கள் மூன்று வருடம் இருந்த பட்டாளக் குடியிருப்பின் மரங்கள் கண்ணெதிரே வந்து நின்றுவிடும். ஊர்ப் பெயரைச் சொல்லமாட்டேன். கடிதத்தில்கூட அதை எழுதவிடாத மனிதர் எங்கள் நைனா. எங்கள் பக்கம் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். அங்கே வேம்பு, புங்கை என்று பார்க்காமல் எல்லா மரத்துக்கும் இடுப்பளவு வெள்ளையும் காவியுமாகப் பட்டை அடித்திருப்பார்கள். ரேணிகுண்டாவில் ரயிலேறி மூன்றாம் நாள் காலையில் போய் இறங்கியதும் அம்மா வாயைப் பிளந்தபடி, "மரத்துக்கெல்லாம் டவுசர் மாட்டி வுட்டுக்கீறாங்க பாருடி" என்றாள்.

சத்தியவேட்டுப் பக்கம் நிலமில்லாத வீட்டில் பிறந்த நைனா, பட்டாளத்தில் லாரி ஓட்டினார். வருடத்துக்கு இரண்டு மாதம் லீவில் வருவார். நான் அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் ஒளிந்துகொள்வேன். "நைனான்னு கூப்புடுடி, துன்ன எதுனா வாங்கித் தருவாரு" என்று அம்மா ஆசை காட்டினாலும் நான் வாயைத் திறந்ததில்லை. எனக்கு ஆறு வயதானபோது 'குவார்ட்டர்ஸ்' கிடைத்து எங்களை அழைத்துப் போனாரே, அந்த ரயில் பயணத்திலும் ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. வேர்க்கடலையை உரித்து உரித்து என் உள்ளங்கையில் வைத்துக்கொண்டே வந்த மனிதர் எதற்காகக் காத்திருந்தார் என்பது இன்று புரிகிறது. அன்று எனக்குக் கடலைதான் பெரிதாக இருந்தது.

அந்த இடத்தின் ஒழுங்கு இருக்கிறதே, இன்று நினைத்தாலும் வியப்புதான். சொன்ன நேரத்துக்குக் குழாயில் தண்ணீர் வரும், விசில் சத்தத்துக்குப் பள்ளிக்கூட வண்டி வந்து நிற்கும், தெருவில் ஒரு காய்ந்த இலை கிடக்காது. ஆனால் எல்லா வீட்டுக்கும் ஒரே மஞ்சள் சுவர், ஒரே பச்சைக் கதவு. இரண்டாம் நாள், டவுசர் போட்ட மரங்களை எண்ணிக்கொண்டே நடந்த நான், திரும்பிப் பார்த்தபோது எது எங்கள் வீடென்று தெரியாமல் நடுங்கிப்போனேன். கதறிக்கொண்டே ஓடி, வாசற்காவலில் நின்ற மீசைக்காரரிடம் போய்ச் சேர்ந்தேன். அவர் பல்பீர் என்பது பின்னால் தெரிந்தது. அவர் குனிந்து இந்தியில் பெயரைக் கேட்டார். எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. "நைனா! நைனா!" என்று மட்டும் அழுதேன்.

வடக்கே 'நைனா' என்பது பெண்பிள்ளைக்கு வைக்கும் பெயர். கண் என்று பொருளாம். நைனா என்றொரு சிறுமி காவலறையில் இருக்கிறாள், யார் வீட்டுப் பிள்ளை என்று பல்பீர் எல்லாப் பிரிவுக்கும் போன் போட்டுக் கேட்டார். என்னைக் காணாமல் தேடி அலைந்துகொண்டிருந்த நைனாவின் காதுக்கும் அது எட்டியது. "அது யாரு வூட்டுப் புள்ளயோ, எம் பொண்ணு பேரு செல்வி" என்று சொல்லிவிட்டு, எதிர்த்திசையில் இருந்த தண்ணீர்த் தொட்டிப் பக்கம் ஓடியிருக்கிறார். பாதி வழியில் சட்டென்று நின்று, தமிழ் தெரியாத கூட்டாளிகளிடம், "யோவ், நைனான்னா நான்தான்யா! என்னியத்தான் கூப்புடுது!" என்று கத்தினாராம்.

காவலறை வாசலில் உடுப்போடு நின்று என் நைனா தேம்பித் தேம்பி அழுததை நான் பார்த்தேன். "எங்கடி போய்க்கினு இருந்த?" என்று அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள். அவரோ, "அடிக்காதடி, அம்மான்னு அழுவல, நைனான்னு அழுதுக்கீது" என்று பெருமை பொங்கச் சொன்னார். அதன் பிறகு லீவில் ஊருக்கு வரும்போதெல்லாம் திருப்பதி பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் வரை இந்தக் கதையைக் கேட்காதவர் இல்லை. பல்பீரின் உடுப்பு நைனாவின் உடுப்பு மாதிரியே இருந்ததால்தான் என் வாயில் அந்தச் சொல் வந்தது. அதை நான் கடைசிவரை அவரிடம் சொல்லவில்லை. சொல்ல மனம் வருமா? அடுத்த நாளிலிருந்து நான் அவரை ஓயாமல் நைனா என்றேன். குடியிருப்பு முழுக்க என்னை நைனா என்றது.

இன்று சத்தியவேட்டில் விடியற்காலையில் கம்பெனி பஸ்கள் வரிசையாக வருகின்றன. பட்டாளத்துக்கு ஆளெடுக்கிறார்கள் என்றால் முன்பு சித்தூர் வரைக்கும் ஓடியவர்களின் பிள்ளைகள், கழுத்தில் அடையாள அட்டையோடு அவற்றில் ஏறுகிறார்கள். என் மகள் தன் அப்பாவை 'டாடி' என்கிறாள். எங்கள் தெருவில் எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான்.

போன வருடம் நைனா இறந்தார். அவருடைய போனை நான் அணைக்கவில்லை. ஒவ்வொரு புத்தாண்டுக்கும் தவறாமல் அழைக்கும் பல்பீர் இந்தத் தடவையும் அழைத்தார். செய்தி அவருக்கு முன்பே தெரியும். கிழடு தட்டிய குரலில், "நைனா?" என்றார்.

"நைனாதான் பேசுகிறேன்" என்று அவர் மொழியில் பதில் சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான், எங்கள் வீட்டில் அந்தப் பெயருக்கு இனி நான் ஒருத்திதான் என்பது எனக்கு உறைத்தது.