பிருந்தா மேடத்தின் சாயக் கணக்கு

"அவனியாபுரம் இருக்கு. வில்லாபுரமும் இருக்கு. போகட்டும், வீடுதானே." பேருந்து நிறுத்தத்தில் நின்றபடியே நாளைய மின்தடைப் பட்டியலை விரல் வைத்துப் படிக்கிறார் பிருந்தா. தலைப்புச் செய்தி, தங்கம் விலை, இரங்கல் விளம்பரம் எல்லாம் அவருக்கு அப்புறம்தான். கல்லூரி இருக்கும் வட்டாரம் பட்டியலில் இல்லை என்று தெரிந்த பிறகு பேப்பரை மடித்து என்னிடம் தருவார். பேப்பர் என்னுடையது. நான் எதிர்வீட்டுக்காரன் என்ற உரிமையில் இரண்டு வருடமாக நடக்கும் வழக்கம் இது. எனக்கு உள்ளுக்குள் சின்ன எரிச்சல் உண்டு, வெளியே சொன்னதில்லை.

வேதியியல் ஆசிரியை. ஆனால் கையில் கறை கிடையாது, சேலையில் ஆசிட் பட்ட ஓட்டை கிடையாது. குளியலறை டைல்ஸுக்கு எந்த ஆசிட் நல்லது என்று தெருப் பெண்கள் கேட்டால், "எனக்குத் தெரியாதுக்கா, கடைக்காரர்ட்ட கேளுங்க" என்பார். இதுகூடத் தெரியாமல் என்ன டாக்டர் பட்டம் என்று அவர்கள் முணுமுணுப்பதும் அவருக்குத் தெரியும். அவருடைய வேதியியல் முழுக்கக் கம்ப்யூட்டருக்குள் நடக்கிறது. பருத்தி நூலில் ஒரு சாயம் ஏன் பிடித்து நிற்கிறது, இன்னொன்று ஏன் மூன்றாவது துவைப்பிலேயே ஓடிவிடுகிறது என்பதை மூலக்கூறு மூலக்கூறாகக் கணக்குப் போட்டுப் பார்ப்பது அவர் வேலை. அப்பா சாயப்பட்டறையில் இருந்தவர். "எங்கப்பா கைய விட்டுப் பாத்ததை நான் கை நனையாமப் பாக்குறேன். அம்புட்டுதான்."

வீட்டில் சௌராஷ்டிரம் பேசுவார், கட்டுரையை ஆங்கிலத்தில் எழுதுவார், வகுப்பில் தமிழ். தமிழ்வழிப் பிரிவை எடுக்க மற்ற ஆசிரியர்கள் நழுவிக்கொள்வதால் இருபது வருடமாக அது இவர் தலையில்தான். நானும் ஒருநாள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்டேன். "டவுன் பஸ்ல ஏறினவங்க எடம் தேடுவாங்கள்ல? ஒருத்தர் நகர, இன்னொருத்தர் ஒதுங்க, கடைசியில யாரும் நகர வேண்டாங்கிற நெலைமை ஒண்ணு வரும். அணுக்களுக்கும் அப்பிடி ஒரு நெலைமை இருக்கு. அதைத்தான் தேடுறோம்." எனக்கே புரிந்தது. அந்தக் காலத்தில் இப்படி யாராவது சொல்லியிருந்தால் நான் வேதியியலில் கோட்டை விட்டிருக்க மாட்டேன்.

டாக்டர் பட்டம் நாற்பத்தெட்டு வயதில்தான் கிடைத்தது. அதற்கு முன்னால் கல்யாணம், இரண்டு பிள்ளைகள், படுத்த படுக்கையாகக் கிடந்த மாமனார் என்று வரிசையாக வேலை இருந்தது. வரும் மார்ச்சில் ஐம்பத்தேழு முடிகிறது, ஓய்வு அறுபதில். ஓய்வுக்கு மூன்று வருடத்துக்குக் குறைவாக இருப்பவர் புதிதாக ஆய்வு மாணவர் எடுக்க முடியாது. நெறியாளர் ஆவதற்கு அவர்களுடைய பல்கலைக்கழகம் ஐந்து கட்டுரை கேட்கிறது. இவரிடம் நான்கு இருந்தன. ஐந்தாவதை இரண்டு ஆய்வுப் பத்திரிகைகள் திருப்பி அனுப்பிவிட்டன. மூன்றாவது பத்திரிகை, இன்னும் ஒரே ஒரு கணக்கைச் செய்து அறுபது நாளில் அனுப்பினால் போடுவதாக எழுதியது. அந்தக் கெடு தீபாவளியோடு முடிகிறது. அதற்குள் முடிந்தால் உண்டு, இல்லாவிட்டால் எப்போதும் இல்லை. இவரிடம் தமிழ்வழியில் படித்து, எம்.எஸ்ஸி. முடித்து, சாய ஆராய்ச்சிதான் செய்வேன் என்று மேலூரிலிருந்து வாரம் இருமுறை பஸ் ஏறி வந்துகொண்டிருந்தாள் ஆர்த்திகா. இத்தனை வருடத்தில் அப்படிக் கேட்டு வந்த ஒரே பெண்.

அந்த ஒரு கணக்குக்கு இருபத்தாறு நாள் ஆகும். கல்லூரியின் பழைய கம்ப்யூட்டர், அதற்கு வேகம் அவ்வளவுதான். நடுவில் கரண்ட் போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். முதல் முறை அப்படிப் போய்ச் சேர்ந்தது. அதற்குப் பிறகுதான் பேட்டரி நான்கு, தினமும் மின்தடைப் பட்டியல், திரைக்கு மேலே 'ஓடிக்கொண்டிருக்கிறது, அணைக்காதீர்கள்' என்று கொட்டை எழுத்தில் ஒரு தாள். எப்படிப் போகிறது என்று கேட்டால், "ஓடுதுண்ணே. ஓடட்டும், பாப்போம்" என்பார். சந்தோஷமாகச் சொல்லி நான் கேட்டதில்லை. பாதிப் பயணத்தில் கண்ணை மூடிக்கொள்வார், தூங்குவதில்லை.

ஆய்வக உதவியாளர் சுருளி அந்தக் கம்ப்யூட்டருக்குக் காவல் தெய்வம் மாதிரி. அந்த மேசைப் பக்கம் ஃபேன் சுவிட்சைத் தொட்டால்கூட, "யாருய்யா அது, மேடம் மிசினு ஓடுதுல்ல" என்று அதட்டுவார்.

ஆயுத பூசை விடுமுறைக்கு முந்தின நாள் பிருந்தா வேறொரு கல்லூரிக்குச் செய்முறைத் தேர்வு நடத்தப் போயிருந்தார். இங்கே துறையில் பூசை. நான்கு நாள் விடுமுறை கழித்துக் கல்லூரி திறந்த காலையில், என் மகளின் சான்றிதழ் விஷயமாக நானும் அவரோடு போனேன். ஆய்வகம் பளிச்சென்று இருந்தது. தராசு, மைக்ரோஸ்கோப், தீயணைக்கும் சிலிண்டர் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். அவருடைய கம்ப்யூட்டருக்கு மட்டும் கூடுதலாக ஒரு முழம் மல்லிகை. பிருந்தா மேசைக்கருகில் போய்ப் பெட்டியின் பக்கவாட்டில் கையை வைத்தார். வைத்த கையை எடுக்கவே இல்லை.

சுருளி பொரிகடலைப் பொட்டலத்தோடு வந்தார். "மேடத்துக்குன்னு எடுத்து வச்சேன். பாத்தீகளா, ஒங்க மிசினத் தொடச்சுப் பூவும் போட்டுருக்கேன். பூசையன்னைக்கு ஆயுதம் ஓடக் கூடாதுல்லம்மா. பாவம், இருவத்தொரு நாளா நிக்காம ஓடுது. நாலு நா ரெஸ்ட் குடுப்போம்னு நான்தான் ஆஃப் பண்ணுனேன்."

சந்தனம் வைப்பதற்காக அந்தத் தாளைக் கிழியாமல் உரித்து எடுத்திருக்கிறார். பூசை முடிந்ததும் திரும்ப அதே இடத்தில் ஒட்டியும் வைத்திருக்கிறார். அணைந்துபோன திரைக்கு மேலே 'ஓடிக்கொண்டிருக்கிறது' என்று இருந்தது. எனக்கு வாயில் நல்ல வார்த்தை எதுவும் வரவில்லை. அந்த மனுசனை நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று திரும்பினேன்.

பிருந்தா பொட்டலத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "நல்லா பண்ணிருக்கீங்க சுருளி. போய் டீ சாப்பிடுங்க."

அவர் போனதும் எனக்குப் பொறுக்கவில்லை. "என்னம்மா இது, அந்த ஆளுக்குத் தெரிய வேண்டாமா?"

"தெரிஞ்சா நாலு நாளைக்குச் சோறு எறங்காதுண்ணே அவருக்கு. போனது வந்துருமா?" நாற்காலியில் உட்கார்ந்தார். "நடுவுல அப்பப்ப, அதுவரைக்கும் ஓடுன கணக்கச் சேத்து வைக்கிற வசதி இதுல இருக்கு. டிஸ்கில எடம் பத்தலைன்னு நான்தான் அதை நிறுத்தி வச்சேன். கரண்டுக்குப் பயந்தேன், பேட்டரி வாங்கி வச்சேன். பூசைய நெனைக்கலை. நானும் வருசா வருசம் பொட்டு வச்சுக் கும்பிட்டவதான."

பத்திரிகை கொடுத்த அறுபது நாளில் பதினாறு பாக்கி. கணக்குக்கு இருபத்தாறு. கூடுதல் அவகாசம் கேட்டு அன்றைக்கே எழுதினார். தாமதத்துக்குக் காரணம் என்ன போட்டீர்கள் என்று கேட்டேன். "மின் தடைன்னு போட்டேன்" என்றார். மூன்றாம் நாள் பதில் வந்தது. அவகாசத்தை நீட்டிக்க வழியில்லை, புதிய கட்டுரையாக மறுபடி அனுப்பலாம், பரிசீலனை ஆறு மாதம். ஆறு மாதத்தில் மார்ச் தாண்டிவிடும்.

சான்றிதழ் வாங்க வெள்ளிக்கிழமை நான் போனபோது ஆர்த்திகா அங்கே இருந்தாள். மேசையில் அவளுடைய ஆய்வுப் பதிவு விண்ணப்பம். எல்லாம் நிரப்பியிருந்தாள், நெறியாளர் பெயருக்கான இடம் மட்டும் வெற்றாக இருந்தது. துறைத் தலைவர் விஸ்வநாத்திடம் ஓர் இடம் காலி, எடுத்துக்கொள்ளச் சம்மதித்துவிட்டார். அவருடைய ஆராய்ச்சி சாயத்தில் இல்லை, உலோகம் துருப்பிடிக்காமல் இருக்க மேலே பூசும் பூச்சில்.

"நான் அடுத்த வருசம் வரைக்கும் இருக்கேன் மேடம். வேற யார்ட்டயும் சேரலை."

"அடுத்த வருசம் எனக்கு அந்த உரிமையே கெடையாதுப்பா. நீ யாருக்காக இருக்கப் போற?"

"சாயத்துல பண்ணணும்னுதான வந்தேன்."

"வந்த. இப்பப் பூச்சுல பண்ணு. அதுவும் ஒண்ணு இன்னொண்ணு மேல ஏன் ஒட்டுதுங்கிற கதைதான்."

ஆர்த்திகா எழுதவில்லை. தலையைக் குனிந்துகொண்டே நின்றாள். நான் சன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். காகிதம் நகரும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தபோது பிருந்தா விண்ணப்பத்தைத் தன் பக்கம் இழுத்து, வெற்றாக இருந்த இடத்தில் விஸ்வநாத்தின் பெயரை முதலெழுத்தோடு நிதானமாக எழுதிக்கொண்டிருந்தார். எழுதி முடித்ததும் பேனாவை மூடாமல் ஆர்த்திகாவின் கையில் வைத்து, அவள் விரல்களை ஒவ்வொன்றாக அதன்மேல் மடக்கிவிட்டார்.