பூசாத வீடு

என் மனைவியின் அண்ணனுக்கு விடியுமுன் எழுந்திருக்கும் வியாதி. அதைவிட மோசம், எழுந்ததும் மற்றவர்களைத் திருத்தும் வியாதி. ஏதோ ஓட்டலில் நடந்த ஆளுமை வளர்ச்சி வகுப்புக்குப் போய் வந்ததிலிருந்து தினமும் என் கைப்பேசிக்கு அவர் குரல்பதிவு வந்துவிடும். "அரைகுறையா செய்றவனுக்கு அரைகுறை வாழ்க்கைதான் மாப்ளே." பல்கூட விளக்காத நேரத்தில் இதைக் கேட்டால் யாருக்குத்தான் எரிச்சல் வராது?

ஆனாலும் கேட்டுத் தொலைத்தேன். நசரத்பேட்டையில் அப்பா வாங்கிப்போட்ட மனையில் அப்போது வீடு கட்டிக்கொண்டிருந்தோம். ஹாலில் டைல்ஸ் கோடு ஓரிடத்தில் நூலளவு விலகியிருந்தது. மச்சான் குனிந்து பார்த்துவிட்டு, "ஊடு ஒரு வாட்டிதான் கட்றோம். காம்ப்ரமைஸ் பண்ணாதீங்க" என்றார். பெயர்க்கச் சொன்னேன். புதிதாக ஒட்டியதில் நிறம் லேசாக மாறியது, அதையும் பெயர்த்தோம். காசும் ஆளும் அதிலேயே போனதில் சுவர்ப் பூச்சு அப்படியே நின்றது. தையில் வைத்திருந்த கிரகப்பிரவேசம் வைகாசிக்குத் தள்ளிப்போனது. எல்லாம் கச்சிதமாக முடிந்தால்தான் குடிபோவது என்று நானும் ஒற்றைக்காலில் நின்றேன்.

அதற்குள் கள்ளிக்குப்பம் வாடகை வீட்டில் அப்பா பக்கவாதத்தில் விழுந்தார். இனி வீட்டில் வைத்தே பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்காரர் மாடியிலிருந்து இறங்கி வந்தார். நலம் விசாரிக்கத்தான் வருகிறார் என்று நாற்காலி போட்டேன். அவர் உட்காரவில்லை.

"தப்பா நெனச்சிக்காதப்பா. பெரியவருக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா இங்க வெக்காத. நேரா சுடுகாட்டுக்கு எட்துகினு போய்டு. மேல பசங்க கீதுங்க."

அப்பாவுக்குப் பேச்சுதான் போயிருந்தது, காது போகவில்லை. போர்வையை அவர் கை இறுக்கிப் பிடித்ததைப் பார்த்தேன். அந்த ஆளை ஓங்கி அறைய வேண்டும் போல் இருந்தது.

"பாலைக் காய்ச்சிட்டு நம்ம ஊட்டுக்கே போய்டலாம்" என்றாள் மனைவி. மச்சானுக்குப் போன் செய்து சொன்னேன்.

"அவசரப்பட்டு அரைகுறையா குடி போனீங்கன்னா அதுவே பழகிடும் மாப்ளே. மனச ஒருமுகப்படுத்துங்க."

ஒருமுகப்படுத்தினேன். போனை வைத்தேன்.

மறுநாள் காலை வேனில் அப்பாவைக் கொண்டுபோய் ஹாலில் கட்டில் போட்டுப் படுக்க வைத்தோம். பின்கதவு இன்னும் வரவில்லை, தார்ப்பாய் கட்டினோம். மூன்று செங்கல் அடுக்கி மனைவி பால் காய்ச்சினாள். பொங்கிய பாலில் ஒரு ஸ்பூன் எடுத்து ஆற்றி அப்பா வாயில் விட்டேன். அவர் பூசாத சுவரையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லா அறிவுரையையும் நான் ஒதுக்கவில்லை. படுக்கைப் புண் வராமல் எப்படித் திருப்பிப் படுக்க வைப்பது என்று ஆஸ்பத்திரி நர்ஸ் சொன்னதை அட்சரம் பிசகாமல் செய்தேன். என்னையே திருத்த வந்த மச்சானின் குரல்பதிவுகளைத்தான் கேட்காமலே அழித்தேன். அழிக்க அழிக்கச் சந்தோஷமாக இருந்தது.

ஆவணியில் அப்பா போய்விட்டார். ஹாலில் ஐஸ் பெட்டியில் வைத்திருந்தோம். வாசலில் பந்தல் போட்டோம். யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. மாலையோடு வந்த மச்சான் அதைப் போட்டுவிட்டு என் பக்கத்தில் நின்றார். கண் சுவரைச் சுற்றி வந்தது.

"வேலைய முழுசா முடிச்சிட்டு வந்திருக்கலாம் மாப்ளே. வர்றவங்க இன்னா நெனப்பாங்க?"

"எங்கப்பா அவரு ஊட்ல படுத்துகினு கீறாரு மச்சான். வெளிய போய்ப் பேசுங்க" என்றேன்.