கண்டறியாத ஏசிக்குத் திருத்தச் செலவு

என் மனுசன் வளைகுடா நாடொன்றில் மூன்று வருடம் இருந்துவிட்டு, எண்பதாம் ஆண்டுப் பக்கம் வவுனியாவுக்குத் திரும்பி வந்தபோது ஒரு ஏசியைக் கொண்டுவந்து இறக்கினார். அங்கே அவர் பார்த்த வேலை சீமெந்து மூட்டை ஏற்றி இறக்கியது. ஏசி போட்ட அறைக்குள் அந்த மூன்று வருடத்தில் எத்தனை தரம் கால் வைத்தாரோ எனக்குத் தெரியாது. ஆனால் வந்து இறங்கிய நாள் முதல் ஏசிக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவர் மாதிரிக் கதைக்கத் தொடங்கிவிட்டார். "மனுசர் இருக்கிற வெக்கையே இது?" என்பார். அதே வெக்கையில் முப்பத்தைந்து வயது வரை வெறும் மேலோடு திரிந்த ஆள்!

எங்களுடையது ஓட்டு வீடு. சுவருக்கும் கூரைக்கும் நடுவில் கை போகிற அளவு இடைவெளி. அது தெரியாதவர் போல யன்னலை உடைத்து ஏசியைப் பூட்டி, இரண்டு நாள் இரவு பகலாக ஓட விட்டார். கூரைக்குள் கூடு கட்டியிருந்த குருவிகளுக்கு நல்ல குளிர் கிடைத்திருக்கும். எங்களுக்குச் சத்தம் மட்டும் கிடைத்தது. பிறகு தச்சனைப் பிடித்துப் பலகை அடித்து அறையை மூடினார். அதற்குப் பிறகுதான் குளிர்ந்தது. குளிர்ந்ததும் பிடித்தது சனி.

சொந்தக்காரர், அயலட்டை, கண்டவர் நின்றவர் எல்லாரும் குளிர் பார்க்க வந்தார்கள். வந்து கட்டிலில் இருந்து, "ஆ, என்ன சுகம்!" என்று சொன்ன ஒவ்வொருவருக்கும் இவர் உள்ளே பூரிப்பார். அவர்கள் படலை தாண்டியதும் பயம் பிடித்துவிடும். கண்ணூறு பட்டுவிடுமாம்! செவ்வாயும் வெள்ளியும் பொழுதுபட, சட்டியில் தணல் அள்ளி, சாம்பிராணி போட்டு, என் தோட்டத்துச் செத்தல் மிளகாயில் ஐந்தாறும் உப்பும் எறிந்து, ஏசிக்கு முன்னால் மூன்று தரம் சுற்றுவார். அதுவும் ஏசி ஓடிக்கொண்டிருக்க, கதவைப் பூட்டிக்கொண்டு.

"கதவைத் திறவுங்கோவன், மூச்சு முட்டுது" என்று இருமிக்கொண்டு கத்துவேன்.

"புகை வெளியில போனால் பிறகென்னத்துக்குக் கண்ணூறு கழிக்கிறது? நீ சும்மா இரு" என்பார்.

புகை வெளியே போகவில்லைத்தான். அவ்வளவையும் அந்த ஏசி உறிஞ்சிக் குடித்தது.

மூன்று மாதத்தில் குளிர் நின்றது. கடைத்தெருவில் ஐஸ்பெட்டி திருத்துகிற ஒருவர் இருந்தார், நல்ல கைகாரர். "உவனுக்கு ஐஸ்பெட்டிதான் தெரியும், இது வேற" என்று அவரை ஒதுக்கிவிட்டு, கொழும்பிலிருந்து ஒரு மெக்கானிக்கை எடுப்பித்தார். கொழும்பிலிருந்து ஆள் வந்தால் செலவு கொழும்பிலிருந்தே தொடங்கும். ரெயில் காசு, வந்து நின்ற இரண்டு நாள் கூலி, முல்லைத்தீவு மீன் வாங்கிப் பொரித்துக் கொடுத்த சாப்பாடு, அதோடு பியர். இவ்வளவும் அவன் ஆணி ஒன்றைக்கூடக் கழற்ற முதல். கழற்றிய பிறகு "காஸ் இறங்கிப் போச்சு" என்றான். அதற்கு வேறு காசு. சாதாரணமாக ஓடுகிற ஏசிக்கு ஏன் காஸ் இறங்குகிறது என்று கேட்க என் மனுசனுக்கு வாய் வரவில்லை. கேட்டால் ஏசியைப் பற்றித் தனக்குத் தெரியாதென்று அவனுக்குத் தெரிந்துவிடுமே!

இரண்டாம் முறை நின்றபோது, "உங்கட ஊர்க் கரண்ட் சரியில்லை" என்று சொல்லி, கரண்டைச் சீர்ப்படுத்துகிற பெட்டி ஒன்றைத் தலையில் கட்டிவிட்டுப் போனான். திரும்பவும் காஸ். இவர் என்ன செய்தார்? "பாத்தியே, கண்ணூறு எவ்வளவு பொல்லாதது எண்டு" என்று சொல்லி, புகைப்பதை நாள்தோறும் ஆக்கினார். விசரன். வேறென்ன சொல்ல?

இவ்வளவும் அவருடைய காசோடு போயிருந்தால் நான் சிரித்துவிட்டு இருந்திருப்பேன்.

எனக்குப் புளியங்குளப் பக்கம் இரண்டு ஏக்கர் சீதனக் காணி இருந்தது. மிளகாய்த் தோட்டம். எழுபத்தேழுக் கலவரத்தில் மலைநாட்டிலிருந்து அடிபட்டு வந்த ஒரு குடும்பம் அதைப் பாதிப் பங்குக்குச் செய்தது. புருசன், பெண்சாதி, மூன்று பிள்ளைகள். விளைச்சலில் பாதி எனக்கு, பாதி அவர்களுக்கு. அந்தப் பாதிதான் அவர்களின் ஒரு வருடச் சாப்பாடு, உடுப்பு, மருந்து எல்லாம். மழையில்லாத சிறுபோகத்தில் கிணற்றிலிருந்து பம்ப் போட்டு இறைத்தால்தான் மிளகாய் நிற்கும்.

செடி பூத்து நின்ற கிழமையில் பம்ப் நின்றது. அந்தக் குடும்பத்துப் பெண் பஸ் ஏறி வீட்டுக்கு வந்தாள்.

"அம்மா, பம்புக்குச் சாமான் மாத்தணும்னாங்க. பூத்து நிக்குதுங்கம்மா. ஒரு வாரம் தண்ணி இல்லேன்னா எல்லாம் போயிரும்."

"நீங்கள் போங்கோ. நாளைக்கு ஆளை அனுப்புறன்" என்றேன். போன போகத்து மிளகாய்க் காசில் பம்புக்கென்று எடுத்து வைத்தது என் அலுமாரிக்குள் சேலைக்கு அடியில் கிடந்தது.

அன்று பின்னேரம் ஏசி மூன்றாம் தரம் நின்றது.

இந்த இடத்தில் முழுப் பழியையும் அவர்மேல் போட்டால் எனக்கு வசதிதான். ஆனால் அந்தச் சனிக்கிழமை யாழ்ப்பாணத்திலிருந்து என் அக்காமார் இரண்டு பேரும் புருசன்மாரோடு வருவதாக இருந்தார்கள். சீமெந்து தூக்குகிறவனுக்குக் கட்டிக் கொடுத்தோமே என்று என் முகத்துக்கு நேரே அனுதாபப்பட்டவர்கள். அவர்களை அந்த அறைக்குள் இருத்தி, குளிரில் நடுங்க வைத்துப் பார்க்க எனக்கும் ஆசை இருந்தது. "பம்புக் காசைத் தா, அடுத்த கிழமை திருப்பி வைக்கிறன்" என்று இவர் கேட்டபோது நான் கத்தினேன்தான். கத்திவிட்டு எடுத்துக் கொடுத்தேன். சீ!

மெக்கானிக் வந்தான். இவர் வழக்கம்போலக் காசை முன்னதாகவே கையில் வைத்துவிட்டு, பியர் வாங்கப் போய்விட்டார். நான் வாசலில் நின்று பார்த்தேன். அவன் ஏசியின் முன்மூடியைக் கழற்றினான். உள்ளே இருந்த வலையை இழுத்து எடுத்து, கிணற்றடிக்குக் கொண்டுபோய்ச் சவர்க்காரம் போட்டுக் கழுவினான். குசினிச் சட்டி கழுவின மாதிரிக் கறுப்புத் தண்ணீர் ஓடியது. பிறகு பழைய பல்தூரிகை ஒன்றால் உள்ளே ஒட்டிக் கிடந்த கரியைத் தேய்த்தான். மூடியைப் பூட்டிப் போட்டான். குளிர்ந்தது! காஸ் சிலிண்டர் வந்த சாக்கு அவிழ்க்காமலே கிடந்தது.

"தம்பி, இதுதானோ பழுது?"

"ஓம் அக்கா. சாம்பிராணிப் புகை. முதல் தரமே அண்ணைக்குச் சொன்னனான், புகைக்காதேங்கோ எண்டு. அவர் கேட்டால்தானே."

"அப்ப காஸ்?"

அவன் சிரித்தான். "கழுவினதுக்குக் காசு கேட்டால் ஆர் அக்கா தருவினம்? காஸ் எண்டு சொன்னால்தான் தருவினம்."

காசைத் திருப்பி வை என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். கேட்டால் வாய் வளரும், அயல் கூடும், அக்காமார் வருகிற நேரத்தில் சந்தி சிரிக்கும். வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் போய் மீன் பொரித்தேன். கள்ளனுக்கு என் கையாலேயே சோறும் போட்டேன்.

அக்காமார் வந்து நடுங்கினார்கள். மூத்தவள் போர்வை கேட்டாள். எனக்கு உச்சி குளிர்ந்தது.

அடுத்த கிழமை வைக்கிறேன் என்ற காசு வரவில்லை. "மழை வரும், பொறு" என்றார். சிறுபோகத்தில் மழை! அங்கே புருசனும் பெண்சாதியும் பிள்ளைகளுமாக வாளியால் அள்ளி அள்ளி ஊற்றியிருக்கிறார்கள். இரண்டு ஏக்கரை வாளியால் நனைக்க முடியுமா? பூவெல்லாம் கொட்டி, செடி நின்ற நிலையிலேயே காய்ந்தது. நான் என் காதுச் சோடியை அடகு வைத்துப் பம்ப் திருத்த ஆளைக் கூட்டிக்கொண்டு போனபோது பதினெட்டு நாள் கடந்திருந்தது. இறைத்து நனைக்க அங்கே செடி ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை.

பிறகு ஒருநாள் அந்தப் பெண் வீட்டுக்கு வந்தாள். இரணைமடுப் பக்கம் வயல் வேலைக்குப் போகிறார்களாம். பம்புக் கொட்டில் பூட்டுத் திறப்பையும் என் மண்வெட்டி இரண்டையும் கொண்டுவந்து விறாந்தையில் வைத்தாள். கை இரண்டும் கயிறு அறுத்துப் புண்ணாகிக் கிடந்தன. ஏசி உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. யன்னலுக்கு வெளியே அதன் தண்ணீர் சொட்டிச் சொட்டி நிலம் சேறாகியிருந்தது. அவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா, பம்புக்குக் கேட்டு வந்தப்போ அந்தக் குளிரு மிசினு ரிப்பேர்னு ஐயா சொன்னாரே, சரியாயிருச்சுங்களா?"

குத்திக் கேட்கிறாளோ என்று அவள் முகத்தைப் பார்த்தேன். இல்லை. உண்மையாகவே கேட்டாள்.

"ஓம்" என்றேன்.

"அதாச்சும் பொழச்சுச்சுங்களே" என்றாள்.