இரண்டாவது பாட்டில்

என் மேசை மேல் ஒரு கண்ணாடிப் பாட்டில் இருக்கிறது. உள்ளங்கை உயரம், கறுப்பு மூடி, உள்ளே முக்கால்வாசி வெள்ளைப் பொடி. மேலே ஒட்டிய சீட்டில் எங்கள் மேலாளர் எழுதிய தேதி மங்கிவிட்டது. ஆனால் அது தை மாதம், பொங்கல் முடிந்து ஆட்கள் வேலைக்குத் திரும்பிய முதல் செவ்வாய்க்கிழமை. அதில் எனக்குச் சந்தேகமில்லை.

பந்தல்குடியைத் தாண்டி, சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருந்த சுண்ணாம்புக் கம்பெனியில் லோடு அனுப்பும் பொறுப்பு எனக்கு. காளவாசலில் கல்லைச் சுட்டு, நீர் தெளித்துப் பொடியாக்கி, சலித்து மூட்டை கட்டுவோம். வாங்கிக்கொண்டிருந்த ஆலைகள் ஒவ்வொன்றாக விட்டுப்போனபோது, புது ஆலைகளைப் பிடிக்க முதலாளி மேலாளரைச் சேர்த்தார். அவருடைய அட்டையில் 'பிசினஸ் டெவலப்மென்ட் மேனேஜர்' என்றிருந்தது. கல் பொறுக்கும் பெண்களுக்கு அவர் பாட்டில்காரர். தோள்பையில் சாம்பிள் பாட்டில்கள் கிணுகிணுக்க அவர் பஸ் ஏறுவதைத்தான் அவர்கள் பார்த்திருந்தார்கள். விற்பது என் வேலையில்லை என்பார் அவர். அங்கே என்ன வேண்டும் என்று இங்கே வந்து சொல்ல வேண்டும், இங்கே என்ன இருக்கிறது என்று அங்கே போய்ச் சொல்ல வேண்டும், அதற்கு ஓர் ஆள், அவ்வளவுதான்.

எங்களிடம் ஒரு வழக்கம். சாம்பிள் என்றால் அந்தப் பெண்கள் பழுப்பே இல்லாத கல்லாகத் தேடி எடுப்பார்கள். அதைத் தனியாகச் சுட்டு, துணியில் சலிப்போம். ஏமாற்று என்று யாரும் நினைத்ததில்லை. பெண் பார்க்க வருகிற அன்று வீட்டைக் கழுவி விடுவதில்லையா, அதைப் போல. இரண்டு பாட்டில் நிரப்பி, ஒன்று வாங்குகிறவருக்குப் போகும். மற்றது ஒப்பிட்டுப் பார்க்க ஆபீசில் இருக்கும்.

அந்தத் தை மாதம் முதலாளி கெடு வைத்தார். பங்குனிக்குள் பெரிய ஆர்டர் வராவிட்டால் மேலாளருக்கு வேலை இல்லை. "பஸ்ஸுக்குக் குடுத்த காசுக்கு ஒரு பஸ்ஸையே வாங்கியிருக்கலாம் மேனேஜரே" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். தூத்துக்குடியில் சுவர்ப்பூச்சுப் பவுடர் தயாரிக்கும் கம்பெனி ஒன்று சாம்பிள் கேட்டிருந்தது. மேலாளர் நேரே குடோனுக்குப் போய், லோடுக்குக் கட்டியிருந்த மூட்டையைப் பிரித்து இரண்டு பாட்டிலிலும் அள்ளினார்.

"நல்லதக் காட்டிட்டு வேறத அனுப்பித்தான் இருந்தவுகளும் போயிட்டாக தம்பி. இதுதான் நம்ம சரக்கு. பிடிச்சா வாங்கட்டும்" என்றார் என்னிடம். பாட்டில்களை என் மேசையில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார். நானும் போனேன்.

மாசியில் ஆர்டர் வந்தது. உள்ளதைச் சொல்லியே விற்க முடிகிறது என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து, வெள்ளைச் சேலை கட்டியிருந்த மனைவியைக் கூட்டிவந்து காளவாசலைக் காட்டினார். முதல் லாரி தூத்துக்குடி ரோட்டில் மறையும்வரை வெயிலில் நின்றார்.

லாரி மறுநாளே லோடோடு திரும்பியது. சாம்பிள் வேறு, சரக்கு வேறு என்று சொல்லியிருந்தார்கள். மேலாளர் நம்பவில்லை. ஆபீஸ் பாட்டிலிலிருந்து கொஞ்சமும் லாரி மூட்டையிலிருந்து கொஞ்சமும் எடுத்து, கறுப்புத் தாளில் பக்கத்தில் பக்கத்தில் கொட்டினார். தனியாகப் பார்த்தால் எல்லாச் சுண்ணாம்பும் வெள்ளைதான். சேர்த்துப் பார்த்தபோது பாட்டிலில் இருந்தது பாலாகவும் மூட்டையில் இருந்தது சாம்பல் கலந்ததாகவும் இருந்தது. வாசலில் கூடியிருந்த பெண்களில் மூத்த அக்கா உள்ளே வந்தார்.

"நாங்கதான் சாரு, நீங்க சாப்பிடப் போனப்ப பாட்டில்ல உள்ளத மாத்துனோம். பழைய சாம்பிள் டப்பாவுல மிச்சம் கெடந்துச்சு. உங்கள வேலைய விட்டு எடுத்துருவாகன்னு பேசிக்கிட்டாக. அழுக்குப் பொடியத் தூக்கிட்டுப் போறீகளேன்னு மனசு கேக்கல."

மேலாளர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சாப்பிட்டீகளாக்கா?" என்று கேட்டார். "முதலாளிட்ட இதச் சொல்லாதீக."

முதலாளியிடம் தன் தவறு என்றார். பங்குனிக்கு முன்பே போய்விட்டார். ஏமாற்றுக்காரர் என்ற பேச்சு அவருக்கு முன்னால் எல்லா ஆலை வாசலிலும் போய் நின்றது. ஐப்பசி மழையில் காளவாசல் அணைந்தது. யாரும் திரும்பப் பற்றவைக்கவில்லை. இப்போது அங்கே சீமைக்கருவேல். அவருடைய எண்ணுக்கு அழைத்தால் வேறு யாரோ எடுக்கிறார்கள்.

போன மாதம் அருப்புக்கோட்டை பஸ் நிலையத்தில் மூத்த அக்காவைப் பார்த்தேன். நூறு நாள் வேலையும் ஒழுங்காகக் கிடைப்பதில்லை என்றார். பஸ் நகரும்போது சன்னலில் குனிந்து, "சாருக்கு வேற எடத்துல வேல கெடச்சிருச்சுல்ல?" என்று கேட்டார். கிடைத்துவிட்டது என்றேன்.

வீட்டுக்கு வந்து, ஆபீசிலிருந்து நான் எடுத்துவந்திருந்த அந்தப் பாட்டிலைக் குலுக்கினேன். அசையவில்லை. மூடி வழியே காற்றுப் புகுந்திருக்க வேண்டும். பொடி இறுகிப் பழையபடி கல்லாகிக்கொண்டிருக்கிறது. நிறம் மட்டும் அன்று தாளில் பார்த்த அதே வெள்ளை.