ஐந்தாவது கம்ப்யூட்டர்

ஆரணியில் அண்ணனும் தம்பியும் சேர்ந்து நடத்திய பட்டுப் புடவைக் கடை, இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் இரண்டாகப் பிரிந்தது. நடுவில் செங்கல் சுவர் வைத்தார்கள். ஐந்து கம்ப்யூட்டரில் நான்கு அண்ணனுக்கு, ஒன்று தம்பிக்கு.

அண்ணன் கடையில் லினக்ஸ் சர்வர் வைத்து, சாம்பா என்ற மென்பொருளை நிறுவியவன் நான். புடவை டிசைன்களையெல்லாம் ஒரே இடத்தில் போட்டு எடுக்க அது உதவும். ஆளுக்கொரு பாஸ்வேர்டு கொடுத்தேன். இரண்டாம் நாளே எல்லோரும் மறந்துவிட்டார்கள். "பாஸ்வேர்டுலாம் இன்னாத்துக்கு? பேஜாரு புடிச்ச வேல. தொறந்து வுடுங்க" என்றார் முதலாளி. யார் வந்தாலும் கேள்வி கேட்காதே என்று சர்வரில் ஒரு வரி எழுதிவிட்டு, கண்ணமங்கலம் பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன். என் பொறுப்பு அந்த லட்சணத்தில் இருந்தது.

மூன்று மாதம் கழித்து, இங்கே வரைந்த முந்தானை டிசைன் ஒன்று, இங்கே தறியில் ஏறும் முன்பே தம்பி கடையில் புடவையாகத் தொங்கியது. திருடியது யார் என்று பார்க்க என்னைக் கூப்பிட்டார்கள். சர்வரில் இப்போது யார் யார் இணைந்திருக்கிறார்கள் என்று பார்த்தேன். திரையில் ஐந்து கம்ப்யூட்டர். கடையில் இருப்பதோ நான்கு. சுவரின் அடியில் குனிந்து பார்த்தேன். தம்பிக்குப் போன கம்ப்யூட்டரின் பழைய நெட்வொர்க் கேபிளை யாரும் வெட்டவில்லை. கொத்தனார் அதைச் சுற்றியே செங்கல் வைத்துப் பூசியிருந்தார்.

வாயைத் திறப்பதற்குள் பின்னால் பளாரென்று ஓர் அறை விழுந்தது. டிசைன் வரைபவரை, என்னைவிடப் பத்து வயது மூத்தவரை, முதலாளி சுவரோடு சாத்திப் பிடித்திருந்தார்.

"எந்தம்பிகிட்ட எவ்ளோ நாளா பேசிகினு இருக்க? சொல்றா!"

"சத்தியமா இல்ல மொதலாளி..."

மூக்கிலிருந்து ரத்தம் சட்டையில் ஒழுகியது. முதலாளி மேசையில் கிடந்த நாடாவை எடுத்தார். தறியில் ஊடை நூலை ஓட்டும் அந்தக் கட்டைக்கு இரு முனையிலும் இரும்பு. டிசைன் வரைபவரின் வலது கையை மேசைமேல் அமுக்கி, விரல்களின் மேல் இறக்கினார். எலும்பு நொறுங்கியது எனக்குக் கேட்டது. அந்த விரல்களால்தான் அவர் கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக மயில் வரைவார்.

நான் சுவரோரம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். திறந்துவிட்டவன் நான்தானே, அடுத்தது என் விரல்கள் என்று இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டேன். நான்காவது அடிக்குப் பிறகுதான், "வுடுங்க! அஞ்சாவது கம்ப்யூட்டரு! அந்தக் கேபிளு!" என்று கத்தினேன். தைரியமெல்லாம் வரவில்லை. அவர் அலறியதைத் தாங்க முடியவில்லை.

முதலாளி திரையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். நாடாவோடு பக்கத்துக் கடைக்கு ஓடினார். கண்ணாடி அலமாரி நொறுங்கும் சத்தமும் தம்பியின் அலறலும் கேட்டன. என்னை அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

டிசைன் வரைபவரின் கையைத் துண்டால் சுற்றி, ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். வழியில் அவர் கேட்டார்.

"அந்த அஞ்சாவது கம்ப்யூட்டர எப்ப பாத்தீங்க தம்பி?"

"இப்பதாண்ணே" என்றேன்.

இடது கையால் என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். "நல்ல வேள, நீங்க இருந்தீங்க. இல்லன்னா என்ன கொன்னே போட்டிருப்பாரு."