இடப்பக்கம் இழுத்த கார்

ஊரார் அண்ணன் முறையில் 'காக்கா' என்று கூப்பிடும் காத்தான்குடி உசனார் பன்னிரண்டு வருடம் ஒரு வெள்ளைக்காரத் துரையின் தென்னந்தோட்டத்து லொறியை ஓட்டியவர். ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை. 1936இல் துரை சீமையிலிருந்து இரண்டு பேர் மட்டும் அமரும் பந்தயக் கார் ஒன்றை இறக்குவித்தபோது, அதையும் அவரிடமே ஒப்படைத்தார்.

முதல் வாரமே குறை தெரிந்துவிட்டது. நாற்பது மைல் வேகத்தில் பிரேக்கை மிதித்தால் கார் இடப்பக்கம் வெட்டி இழுத்தது. உசனார் துரையிடம் சொன்னார். கார் விற்ற கம்பனி கொழும்பிலிருந்து ஓர் இஞ்சினியரை அனுப்பியது. அவர் புளியந்தீவு நகரத் தெருக்களில் கால் மணி நேரம் மெதுவாக ஓட்டிவிட்டு இறங்கினார்.

"காரில் குறையில்லை. இவன் கைதான் சரியில்லை."

ஒரு மாதம் கழித்து, துரைக்கு ரயிலைப் பிடிக்க அவசரம். பக்கத்தில் உட்கார்ந்து விரட்டிக்கொண்டே வந்தார்.

"இதுக்கு மேல வேகமாப் போனா காரைப் புடிக்கேலா துரை."

"உனக்கு வேலை வேணுமா, வேணாமா?"

உசனார் மிதித்தார். கல்லடியில் மாடொன்று குறுக்கே வந்தது. பிரேக் போட்டு, சுக்கானை வலப்பக்கம் முழுப் பலத்தோடு ஒடித்தும் கார் இடப்பக்கமே பாய்ந்தது. அங்கே மீன்கூடையை இறக்கிக்கொண்டிருந்த கண்ணகை, காருக்கும் மதிலுக்கும் நடுவே நசுங்கிச் செத்தாள். மாடு தன் பாட்டில் போய்விட்டது.

நீதிமன்றத்தில் அதே இஞ்சினியர் அதையே சாட்சியாகச் சொன்னார். வேகமாக ஓட்டச் சொன்னதாகத் தமக்கு நினைவில்லை என்றார் துரை. உசனாருக்குப் பதினெட்டு மாதச் சிறை.

வெளியே வந்ததும் கராஜ்கார அருமைநாயகம் மெல்லச் சொன்னார்: "நீங்க உள்ள போய் மூணாம் மாசம் கம்பனி புதுத் தண்டு அனுப்பின. பிரேக் போட்டா, கார்ச் சில்லைத் திருப்புற பழைய தண்டு வளைஞ்சு ஒரு பக்கம் இழுக்குதாம். நான்தான் பூட்டினன். வெளிய சொல்லப்படாதெண்டு துரைட கட்டளை, காக்கா."

உசனார் நேரே கல்லடிக்கு, கண்ணகையின் புருஷன் கோணாமலையிடம் ஓடினார். கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தவன் கடைசிவரை கேட்டான்.

"அப்ப காரில பிழை இரிக்கெண்டு உங்களுக்கு முன்னமே தெரியும்?"

"ஓம். துரைக்கிட்டச் சொன்னன். கம்பனிக்காரனிட்டச் சொன்னன்."

"ரோட்டில நிண்ட என்ட பொஞ்சாதிக்கு ஆர் சொன்ன?"

கோணாமலை வலையைச் சுருட்டினான்.

"தெரிஞ்சுதானே ஓட்டின நீங்க. போங்க காக்கா. இனி இந்தப் பக்கம் வராதீங்க."

அதன்பின் பதினொரு வருடம் உசனார் உயிரோடு இருந்தார். புளியந்தீவுக்குப் போகவேண்டி வந்தால், கல்லடி வீதியை விட்டு வாவியில் தோணி பிடித்தே போனார்.