கங்காணி வீட்டுச் சாயா

திருவனந்தபுரத்தை விட்டுக் கிளம்ப வேண்டிய நாகர்கோவில் பஸ் இன்னும் வரவில்லை. அதற்குள் மழை வந்துவிட்டது. கரமனை ஆற்றுப் பாலத்தை ஒட்டிய ஒரு வீட்டின் ஓலைச் சாய்ப்பில் ஒதுங்குகிறேன். வீட்டுக்காரர் கங்காணி, போனக்காட்டு மலைத் தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் பிடிப்பவர். திருநெல்வேலிச் சீமையிலிருந்து நடந்தே வந்த சில குடும்பங்கள் ஈரத்தோடு அங்கே குந்தியிருக்கின்றன.

சாய்ப்பின் ஓரத்து அடுப்பில் கங்காணியின் மனைவி சாயா போடுகிறாள். பானையில் இலை கொதித்துக் கறுக்கிறது. கொஞ்சத்தை ஒரு லோட்டாவில் தனியாக வடித்து வைக்கிறாள். மிச்சத்தில் ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்து முகத்தைச் சுளிக்கிறாள். ஏலக்காயும் சுக்கும் தட்டிப் போடுகிறாள். மறுபடி நக்குகிறாள். இன்னும் ஒரு கை ஏலக்காய், பெரிய கருப்பட்டித் துண்டு. சாய்ப்பே மணக்கிறது.

“குடியுங்கடே! மலையில தெனமும் இதுதான்,” என்கிறார் கங்காணி.

இதுவரை தேயிலையை வாயில் வைத்தறியாதவர்கள் தேங்காய்ச் சிரட்டையை வழித்துக் குடிக்கிறார்கள். ஒரு தாய் விரலில் தொட்டுக் கைக்குழந்தைக்குக் கொடுக்கிறாள், அது சப்புக்கொட்டுகிறது. ஊருக்கே திரும்பிவிடலாம் என்று அதுவரை முனகிக்கொண்டிருந்த அவள் புருஷன், முதல் ஆளாக எழுந்து கங்காணியின் காகிதத்தில் பெருவிரலைப் பதிக்கிறான்.

அந்த லோட்டா எனக்கு வருகிறது. ஆசையாக ஒரு வாய் குடிக்கிறேன். வேப்பங்கசப்பு.

“எனக்கு மட்டும் ஏலக்காய் போடலையா அம்மா?”

அவள் அடுப்பை விட்டுத் திரும்பாமலே சொல்கிறாள்:

“நீங்க மலைக்கி ஏறலையே. ஒங்களுக்கு என்னத்துக்கு ஏலக்கா?”